சத்தத்தை வெட்டினால் பிரேக் பிடிக்குமா?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் இதை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம்: பிரேக் பிடிக்கும்போது உங்கள் வாகனம் கீச்சிட்டால், சில்லைக் கழற்றி உங்கள் கண்முன்னால் அளந்து காட்டாத எவருக்கும் டிஸ்க் மாற்றக் காசு கொடுக்காதீர்கள். "சத்தத்தை மட்டும் நிப்பாட்டித் தாங்கோ" என்று எவரிடமும் கேட்காதீர்கள். நேரமிருப்பவர்கள் கீழே வாருங்கள். இது வெறும் கார்க் கதை இல்லை, எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் இதற்குள் இருக்கிறார்கள்.

"வாத்திமாருக்கு கராஜ் விசயம் எதுக்கு?" என்று போன முறை ஒருவர் கேட்டிருந்தார். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் பிரேக் படிப்பிக்கவில்லை, உண்மை. அளக்கப் படிப்பித்தார்கள். அது போதும்.

முதலில் காரின் கதை. எங்கள் மச்சான் பதினொரு வருடம் கத்தாரில் கிடந்து உழைத்தவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி 1 இல்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. ஐந்து வருட ஆசையைச் சேர்த்து வைத்திருந்த மனுசன், திறந்ததும் வாங்கியது சாதாரணக் கார் இல்லை. டேர்போ இயந்திரம், பெரிய டிஸ்க், சிவப்பு நிறக் கலிப்பர். சோனகத் தெரு ஒழுங்கைக்குள் அது திரும்புவதே ஒரு கூத்து. நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை செக்கனில் தொடும் என்று ராத்தாவின் சின்ன மகன் மனப்பாடமாகச் சொல்வான். வாய்ப்பாடு கேட்டால் முழிப்பான்.

4,200 கிலோமீற்றர் ஓடியிருந்தபோது எங்களைப் பார்க்க உடுப்பிட்டிக்கு வந்தார். சந்தியில் பிரேக் பிடித்தார். கீ...ச்! கடை வாசலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. "புதுக் கார் அழுகுது போல" என்று ஒரு பெரியவர் சொன்னார். மச்சானின் முகம் போன போக்கை எழுத ஏலாது. இத்தனை இலட்சமும், அதற்குமேல் வரியும் கட்டி வாங்கின கார் ஊர்ச் சந்தியில் மானத்தை வாங்கிவிட்டது.

அன்றைக்கே ஒரு கராஜுக்குப் போனோம். பெயர் சொல்ல மாட்டோம், கேட்டு உள்பெட்டிக்கு வரவேண்டாம். அங்கே ஜக் அடிக்கவில்லை. சில்லைக் கழற்றவில்லை. ஒரு தம்பி ஏறி வீதியில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, "டிஸ்க் ரெண்டும் வளைஞ்சுபோச்சு அண்ணை, மாத்தத்தான் வேணும்" என்றார். இரண்டு டிஸ்க்கும் கூலியும் சேர்த்து 1,85,000 ரூபா. மச்சான் தொலைபேசியை எடுத்து வங்கிக் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வெட்கப்பட்ட மனுசனிடம் காசு வாங்குவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குக் கண்டோம்.

"ஒருக்கால் கழற்றிக் காட்டுங்கோ" என்றோம். "அதுக்கு நேரமில்லை சேர், எங்களுக்குச் சத்தத்திலயே தெரியும்" என்றார்கள்.

சத்தத்திலேயே தெரியுமாம்!

வகுப்பறையில் இருந்து ஒரு உதாரணம் சொல்கிறோம். கரும்பலகையில் எழுதும்போது சோக் சிலநேரம் கீச்சிடும், பல்லைக் கூசவைக்கும். ஏன்? சோக் பலகையில் ஒரு கணம் ஒட்டி, மறுகணம் வழுக்கி, திரும்ப ஒட்டி, திரும்ப வழுக்குகிறது. இது ஒரு செக்கனுக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. அந்த அதிர்வுதான் கீச்சு. நாங்கள் என்ன செய்வோம்? சோக்கைப் பாதியாக முறிப்போம், அல்லது பிடிக்கிற சாய்வை மாற்றுவோம். சத்தம் போய்விடும். சோக் கீச்சிட்டது என்பதற்காகக் கரும்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பலகை பூட்டிய அதிபர் எவரையாவது கண்டிருக்கிறீர்களா?

டிஸ்க்தான் அந்தப் பலகை. பேட் சோக். பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பர் கை. கீச்சு வந்தால் முதலில் சோக்கையும் கையையும் பார்க்கவேண்டும்.

நெல்லியடிப் பக்கம் ஒரு ஐயா இருக்கிறார். தகரக் கொட்டில், பலகை கூட இல்லை. அவரிடம் போனோம். ஜக் அடித்தார், சில்லைக் கழற்றினார், ஒரு நுண்மானித் திருகுக் கணிச்சியை எடுத்தார். எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பதைவிடச் சுத்தமாக எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். டிஸ்க்கின் உட்பக்கத்தில் குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று பொறித்திருந்தது. 26 மில்லிமீற்றர். புதிதாக வரும்போது 28. எங்கள் மச்சானின் டிஸ்க், ஐயா ஆறு இடத்தில் அளந்தார், எல்லா இடமும் 27.9. பிறகு டயல் மானியைப் பூட்டி டிஸ்க்கைக் கையால் சுற்றினார். ஊசி 0.03 மில்லிமீற்றருக்கு மேல் அசையவில்லை. "வளைஞ்ச டிஸ்க்" என்றார்களே, அது எங்கே வளைந்தது? ஐயா சிரித்தார். பிரேக்கை மிதிக்கும்போது மிதிபலகை காலுக்குக் கீழே துடித்தால், சுக்கான் ஆடினால், அப்போது டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டுமாம். அதிலும் பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லையாம். பேட்டின் பொருள் டிஸ்க்கில் அங்கங்கே படிந்து தடிப்பு மாறியிருக்கும், இல்லையென்றால் டிஸ்க் உட்காரும் இடத்தில் கறள் இருக்கும். வெறும் கீச்சு வேறு விசயம்.

காரணம் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. கலிப்பர் அசைந்து கொடுக்கும் சிலைட் பின் இரண்டும் காய்ந்து கிடந்தன. பேட்டின் இரண்டு காதும் உட்காரும் இடத்தில் கறளும் செம்மண் புழுதியும் சேர்ந்து இறுகியிருந்தது. பேட் சுதந்திரமாகப் பின்வாங்க முடியாமல் சாய்ந்தபடி டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. சாய்த்துப் பிடித்த சோக்!

எங்கள் ஊருக்கென்றே இதில் ஒரு சேதி இருக்கிறது. வல்வெட்டித்துறைக் கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்று. டிஸ்க் வார்ப்பிரும்பு, இரவு மழை பெய்தால் காலையில் அதில் மெல்லிய கறள் படியும். அது முதல் இரண்டு மூன்று பிரேக்கில் உதிர்ந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. அடுத்தது, குடாநாடு முழுக்கத் தட்டை. மலையில்லை, இறக்கமில்லை. வேகக் கார்களுக்குப் பூட்டி வரும் பேட்டில் உலோகத் துகள் அதிகம், சூடேறினால் நன்றாகப் பிடிப்பதற்காகச் செய்தது. எங்கள் வீதியில் அது எங்கே சூடேறுவது? மாடு ஒருபக்கம், சைக்கிள் ஒருபக்கம், முப்பதில் உருட்டிக்கொண்டு போகிறோம். குளிர்ந்த நிலையில் அந்தப் பேட் கீச்சிடும். ஓடுகளத்துக்குச் செய்த பொருளை ஒழுங்கைக்குள் கொண்டுவந்தால் அது முறைப்பாடு சொல்லத்தானே செய்யும்? இந்தப் பேட்டுக்கு, ஒரே பேட்டுக்கு, புது டிஸ்க் பூட்டியிருந்தாலும் இரண்டு மாதத்தில் அதே கீச்சு திரும்ப வந்திருக்கும். 1,85,000 ரூபா கொடுத்து.

ஐயா கம்பித் தூரிகையால் துப்புரவாக்கினார். பின்னுக்கும் பேட்டின் காதுகளுக்கும் பிரேக்குக்கென்று வரும் கிறீஸ் மெல்லிதாகப் பூசினார். பேட்டின் முகத்தில் ஒரு சொட்டும் படவில்லை, பட்டால் பிரேக் போய்விடும். மறுநாள் விடியற்காலை சனமில்லாத நேரத்தில் அறுபதிலிருந்து பத்துக்கு இறக்கி, நிற்பாட்டாமல் திரும்ப ஏற்றி, பத்துத் தடவை செய்யச் சொன்னார். பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிவதற்கு. மொத்தச் செலவு 6,500 ரூபா.

கதை இதோடு முடிந்திருந்தால் நாங்கள் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டோம். பணக்காரருக்கு நட்டம் வராமல் காப்பாற்றிய பெருமையை எழுத எங்களுக்கு வேலையில்லாமலில்லை.

அதே மாதம். எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஒரு வான் சந்திக்குக் கிட்ட வேலியை உடைத்துக்கொண்டு போய் நின்றது. உள்ளே பதினான்கு பிள்ளைகள். அல்லாஹ் காப்பாற்றினான், மதகுப் பக்கம் போகவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு முன்பல் உடைந்தது. மற்றவர்களுக்கு அழுகையும் நடுக்கமும்தான். சாரதி அண்ணை குடிக்கிறவர் இல்லை, ஓடித் திரிகிறவர் இல்லை. "பிரேக் பிடிக்கேல்லை சேர், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போச்சு" என்று அவரும் அழுதார்.

வானின் முன் சில்லைக் கழற்றியபோது பார்த்தோம். பேட் இல்லை. பேட் ஒட்டியிருந்த இரும்புத் தகடு நேரே டிஸ்க்கைச் சுரண்டியிருந்தது. டிஸ்க்கில் உழவு சால் போலக் கோடுகள். இந்தக் கட்டம் வருமுன் வாகனம் எச்சரிக்காமல் இருக்காது. பேட்டின் ஓரத்தில் ஒரு சின்ன உருக்கு நாக்கு வைத்தே செய்கிறார்கள். பேட் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் பட்டுக் கத்தும். "என்னை மாற்று" என்று கத்தும். அதற்காகவே வைத்த நாக்கு.

அந்த நாக்கு அங்கே இல்லை. குறடால் முறித்த அடையாளம் இருந்தது.

சாரதி அண்ணை சொன்னார்: ஆறு கிழமைக்கு முன்னர் வான் கீச்சிட்டது. தாய்மார் முறைப்பாடு. கராஜுக்குக் கொண்டுபோனார். எந்தக் கராஜ் என்று நீங்களே ஊகிக்கலாம். புதுப் பேட்டுக்குக் காசு அந்த மாதம் கையில் இல்லை, "இப்போதைக்குச் சத்தத்தை நிப்பாட்டித் தாங்கோ" என்று கேட்டார். நிறுத்திக் கொடுத்தார்கள். 800 ரூபா.

இப்போது விளங்குகிறதா நாங்கள் ஏன் கொதிக்கிறோம் என்று? ஒரே கீச்சு. காசுள்ளவரின் காருக்கு நல்ல டிஸ்க்கைக் கழற்றி எறியச் சொல்கிறார்கள். காசில்லாதவரின் வானுக்கு நாக்கை முறிக்கிறார்கள். ஒன்று களவு, மற்றது கொலைக்குக் கிட்ட. இரண்டிலும் நடக்காமல் போனது ஒரே ஒரு வேலை: கழற்றி அளப்பது. ஒருவர் தன் வாகனத்தை ஒப்படைத்துவிட்டுப் போனால் அது அமானிதம். அதைத் திறந்தும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதற்கு என்ன பெயர்?

நாக்கை முறித்த கை யாருடையது என்று தேடினோம். கண்டுபிடித்தபிறகு ஏன் தேடினோம் என்றிருந்தது. எங்கள் பழைய மாணவன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டுக் கராஜில் வேலை பழகுகிறான். வேர்ணியர் இடுக்கிமானி வினாவுக்கு முழுப் புள்ளி எடுத்த பிள்ளை. ஏசப்போன எங்களுக்கு அவன் சொன்ன பதில் இது:

"சேர், சத்தத்தை நிப்பாட்டினா சனம் காசு தரும். டிஸ்க் மாத்தினாலும் தரும். அளந்து பாத்து ஒண்டுமில்லை எண்டு சொன்னா ஆர் சேர் காசு தாறது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. உங்களிடம் இருக்கிறதா?

மூவாயிரம் ரூபா பார்வைக் கூலி கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "சும்மா பாக்கிறதுக்கே காசோ?" என்போம். வைத்தியரிடம் அப்படிக் கேட்பதில்லை. பெட்டியோடு புதுப் பொருளைக் கண்டால்தான் நமக்குக் காசு கொடுக்க மனம் வருகிறது. கராஜ்காரரும் பிழைக்கவேண்டும், வாடகை, மின்சாரம், பெடியன்களின் சம்பளம். பார்ப்பதற்குக் காசு இல்லையென்றால் அவர் மாற்றித்தான் பிழைப்பார். இதில் நாமும் கூட்டுக் களவாளிகள்தான். சங்கடமாக இருந்தால் இருக்கட்டும்.

எல்லாக் கராஜையும் சொல்லவில்லை, தெளிவாக எழுதுகிறோம். டிஸ்க் மாற்றவேண்டிய நேரமும் உண்டு. பொறித்த அளவுக்குக் கீழே தேய்ந்தால், வெடிப்பு இருந்தால், அந்த வானைப்போல உழுதிருந்தால், மாற்றத்தான் வேண்டும். அப்போது பேரம் பேசாமல் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து, பேட்டும் புதிதாக. நாங்கள் கேட்பது இலக்கம். "வளைஞ்சுபோச்சு" என்பது இலக்கம் இல்லை.

சத்தத்தை எப்படியாவது அடக்கவேண்டும் என்ற இந்த ஆசை இன்று நேற்று வந்ததில்லை. 1902 இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்பவர் கார்களுக்கு டிஸ்க் பிரேக் கண்டுபிடித்துக் காப்புரிமை எடுத்தார். உலோக டிஸ்க்கைச் செப்புப் பட்டை பிடிக்கும். கத்திய கத்தில் எவராலும் காதைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. 1907 இல் ஹேர்பேர்ட் ஃபுரூட் என்பவர் அந்தப் பட்டைக்குக் கல்நார் பூசிப் பார்த்தார். சத்தம் அடங்கியது. அதன்பிறகு பல தசாப்தம் உலகம் முழுக்கப் பிரேக்குகளில் கல்நார்தான். அந்தத் தூசு சுவாசப்பைக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இன்றைய நல்ல பேட்களில் கல்நார் இல்லை. ஆனால் பெட்டியில் பெயரே இல்லாமல் மலிவு விலைக்கு வருகிற பேட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கு உத்தரவாதம்? நம் கராஜ்களில் பதினேழு வயதுப் பெடியன்கள் முகமூடிகூட இல்லாமல் கொம்பிறசர் காற்றால் பிரேக் தூசை ஊதிக்கொண்டு நிற்கிறார்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும். இதையும் யாராவது முதலாளிமாருக்குச் சொல்லுங்கள்.

2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலாப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். தங்காலை நகரசபை ஊழியர்கள், அவர்களின் குடும்பங்கள். இரண்டு கிழமை நாடே பிரேக்கைப் பற்றிப் பேசியது. தேநீர்க்கடையில் ஆளுக்கு ஒரு விளக்கம். "எங்களுக்கு மலை இல்லை, பிரச்சினை இல்லை" என்று இங்கே சிலர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. மலையில் பிரேக் சூடேறிச் சாகும். இங்கே கவனிப்பாரில்லாமல் சாகும். எங்கள் காருக்கு வருடா வருடம் வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்கிறார்கள். நல்ல விசயம். பிரேக் பிடிக்குமா என்று எவரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவேண்டிய ஆள் நீங்கள்தான்.

ஆகவே கராஜுக்குப் போனால் வெட்கப்படாமல் கேளுங்கள். "பேட் எத்தனை மில்லிமீற்றர்? டிஸ்க் எத்தனை? பொறித்திருப்பது எத்தனை?" கழற்றின பழைய சாமானைக் கையில் வாங்குங்கள், அது உங்கள் சொத்து. பற்றுச்சீட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பார்வைக் கூலி கேட்டால் மனம் கோணாமல் கொடுங்கள்.

வான் சாரதி அண்ணைக்கு இப்போது உண்மையாகவே டிஸ்க் மாற்றவேண்டி வந்துவிட்டது. பேட்டோடு போயிருக்கவேண்டிய செலவு நாலு மடங்காகிவிட்டது. பெற்றோர் சிலர் அடுத்த மூன்று மாத வான் காசை முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாருக்கு நன்றி. பல் உடைந்த பிள்ளையின் தாயும் அவர்களில் ஒருவர். மச்சானின் கார் மழை பெய்த காலைகளில் முதல் இரண்டு பிரேக்குக்கு இன்னும் லேசாகக் கீச்சிடுகிறது. அவர் இப்போது கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்.

கடைசியாக ஒரு அறிவித்தல். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பாடசாலை மைதானத்தில், பிள்ளைகள் ஏற்றும் எல்லா வானுக்கும் முச்சக்கர வண்டிக்கும் பிரேக் கழற்றிப் பார்க்க நெல்லியடி ஐயா சம்மதித்திருக்கிறார். ஒரு வாகனத்துக்கு 1,500 ரூபா, அது ஐயாவின் கூலி, இலவசம் இல்லை. கட்ட முடியாதவர்களுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கட்டும். அளவெடுத்து எழுதுவதற்கு எங்கள் அந்தப் பழைய மாணவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான், கராஜில் அரைநாள் லீவு கேட்டிருக்கிறான். மழை பெய்தால் மண்டபத்துப் பக்கக் கொட்டகை. ஜக்கும் சில்லு நட் சாவியும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், ஐயாவிடம் ஒன்றுதான் இருக்கிறது.